கைதட்டலுக்கு ஒரு நொடி வேண்டும்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. அதில் முக்கால்வாசி கோபம். மாநிலக் கபடிப் போட்டியில் வென்று வந்த பையனுக்கு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதே தெருவில் பிறந்து, உங்களிடம் கணக்குப் படித்து, இப்போது முனைவர் பட்டம் வாங்கியிருக்கும் பெண்ணுக்கு ஒரு தட்டிகூட வைக்கவில்லை. படித்தவர்களைவிட ஓடுகிறவர்களும் குதிக்கிறவர்களும்தான் நமக்கு ஒசத்தியா என்று கேட்கிறீர்கள். எல்லாம் டி.வி.யும் கிரிக்கெட்டும் கொண்டுவந்த சீக்கு என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

முதலில் அந்தத் தீர்ப்பைப் பார்ப்போம். அது நிற்காது. செனோஃபனீஸ் என்ற கிரேக்கக் கவிஞர் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய உங்கள் கடிதத்தை எழுதிவிட்டார். ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் ஜெயித்தவனுக்கு முன்வரிசை இருக்கை, ஊர்ச் செலவில் சாப்பாடு, பரிசு எல்லாம் தருகிறார்களே, அவன் ஜெயித்ததால் ஊர் நிர்வாகம் சீர்பட்டதா, களஞ்சியம் நிறைந்ததா, என் அறிவுக்கு இதைவிட மதிப்பு இல்லையா என்று புலம்பியிருக்கிறார். கி.மு. 399இல் சாக்ரடீஸ் இதே வழக்கை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். குற்றவாளி என்று முடிவான பிறகு, தனக்கு என்ன தண்டனை தகும் என்று அவரே சொல்லவேண்டிய கட்டம். ஒலிம்பியாவில் வென்றவர்களுக்கு ஏதென்ஸ் போடுகிற இலவசச் சாப்பாட்டை எனக்குப் போடுங்கள், குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவனைவிட எனக்குத்தான் அது தகும் என்றாராம். பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். சாப்பாடு வரவில்லை, விஷம்தான் வந்தது.

நம் பக்கமும் பழைய கணக்கு இருக்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதிய மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்பக்கம் என்று, கிட்டத்தட்ட நேர்முக வர்ணனை. இதைக் கிள்ளியின் அப்பன் தித்தன் பார்க்கவேண்டுமே என்று ஏங்குகிறார் புலவர். டி.வி. இல்லாத காலத்திலும் ஆசை அதுதான்: பார்க்கவேண்டும்.

சரி, பழையதை விடுங்கள். உங்கள் கேள்விக்கு ஏற்ற நாள் ஒன்று நம் காலத்திலேயே இருக்கிறது. 2013 நவம்பர் 16. மும்பை வான்கடே மைதானத்தில் சச்சின் தனது 200ஆவது டெஸ்டை ஆடி முடித்தார். மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. அவர் பேசியதும், திரும்பி நடந்துபோய் ஆடுகளத்தைத் தொட்டுக் கும்பிட்டதும் நினைவிருக்கும். அன்றைக்கே அவருக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அதே நாளில் அதே விருது இன்னொருவருக்கும் அறிவிக்கப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் சி.என்.ஆர். ராவ், அப்போது வயது 79. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். சி.வி. ராமனுக்கும் அப்துல் கலாமுக்கும் பிறகு இந்த விருதைப் பெறும் மூன்றாவது விஞ்ஞானி. மறுநாள் அவர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அறிவியலுக்கு அரசியல்வாதிகள் ஒதுக்கும் பணம் போதவில்லை என்று கடுமையான ஒரு சொல்லைப் போட்டுத் திட்டினார். பெரிய செய்தியானது அந்தத் திட்டுதான். அவர் அறுபதாண்டு காலம் என்ன ஆராய்ந்தார் என்று விளக்க அன்று எந்த சேனலும் நேரம் ஒதுக்கியதாக நினைவில்லை.

இதை ஜனங்களின் அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. சச்சினைக் கொண்டாடியவர்களுக்குச் சச்சின் செய்ததன் கஷ்டம் தெரியும். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடியவனுக்கே முகத்துக்கு நேரே ஏறிவரும் பந்து எப்படி இருக்கும் என்று உடம்பு சொல்லும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனும் கபடிக் களத்தில் மூச்சை அடக்கிப் பாடிப் போய்ப் பார்த்திருக்கிறான். அவனால் முடியாததை இன்னொருவன் செய்யும்போது, எவ்வளவு தூரம் தாண்டிச் செய்கிறான் என்பதை அவன் துல்லியமாக அளக்கிறான். ராவின் திண்மநிலை வேதியியலை அளக்க அவனிடம் என்ன கோல் இருக்கிறது? அவனை விடுங்கள், என்னிடமே இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடமும் இல்லை. உங்கள் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பையன் கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, கணுக்காலைப் பிடித்திழுத்தவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டதை அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திட்டவேண்டும் என்று தொடங்கி ரசித்து எழுதிவிட்டீர்கள். அந்தப் பெண் எதில் முனைவர் பட்டம் வாங்கினாள் என்று ஒரு வரிகூட இல்லை.

ஆனால் கஷ்டம் தெரிவது மட்டுமே காரணம் என்றால், விஸ்வநாதன் ஆனந்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அவர் காய் நகர்த்தியதன் ஆழம் எத்தனை பேருக்குப் புரிந்தது? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனபோது கண்கலங்கியவர்களில் பலருக்குக் குதிரை எப்படி நகரும் என்பதே சந்தேகம். அவர்களுக்குப் புரிந்தது வேறு. கடைசி ஆட்டத்தில் எதிரே ஆடிய டிங் லிரென் ஒரு தவறு செய்தார். அந்த நொடிவரை யாருக்கும் முடிவு தெரியாது. குகேஷுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் தோற்றிருக்கலாம் என்ற நொடியில் நாமும் கூடவே இருந்தோம்.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் என்று நினைக்கிறேன். விஞ்ஞானியின் வெற்றி நம்மிடம் வரும்போது பழைய செய்தியாகத்தான் வருகிறது. அவர் தோற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் நாம் அங்கே இல்லை. தோற்றார் என்பதே நமக்குத் தெரியாது. விளையாட்டுக்காரன் நம் கண்ணெதிரே தோற்கக்கூடிய இடத்தில் போய் நிற்கிறான்.

இஸ்ரோவைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை ஏவினார்கள். அப்போது அது உலகச் சாதனை. அந்த ஏவுதலை நடத்தியவர் பெயரைக் கேட்டால் உங்கள் ஊரில் யார் சொல்வார்கள்? 2019 செப்டம்பர் 7ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கவேண்டிய நேரத்தில், நிலவின் தரையை நெருங்கிய நிலையில் தொடர்பு அறுந்தது. காலையில் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுத அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவனை நாடே பார்த்தது. நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளையில் விவசாயி மகனாகப் பிறந்து ராக்கெட் கட்டிய அந்த மனிதரை, அவர் ஜெயித்த நாட்களில் அடையாளம் தெரியாத ஜனங்கள், தோற்ற காலையில் தங்கள் வீட்டு ஆளாக்கிக்கொண்டார்கள். இறுதிப் போட்டியில் தோற்ற கேப்டனுக்குக் கிடைக்கும் அதே அன்பு. நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 இறங்குவதை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் என்பது அன்றிரவே டீக்கடைவரை போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானியை ஜனங்கள் கொண்டாடமாட்டார்கள் என்பது பொய், டீச்சர். தோற்கக்கூடிய அந்தக் கால் மணி நேரத்தை அவர்களுக்கும் காட்டினால் தாராளமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் எல்லா வேலையிலும் அந்தக் கால் மணி நேரம் இல்லை. என் வருத்தம் அங்கேதான்.

1971. வங்கதேசப் போர். எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து போயிருந்த திலீப் மஹலநபிஸ் என்ற மருத்துவர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து வாயால் குடிக்கக் கொடுத்தார். குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்துவைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களே குவளையில் பிடித்து ஊட்டும்படி ஏற்பாடு செய்தார். அதுவரை சோதனைச் சாலையிலும் மருத்துவமனையிலும் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கரைசலை, அம்மாக்களின் கையில் ஒப்படைத்ததுதான் அவருடைய துணிச்சல். முகாமில் 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு, கரைசல் கொடுத்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டு வாங்குகிறோமே, அதை உலகம் நம்பியதில் அந்த முகாமுக்குப் பெரும் பங்கு உண்டு. மஹலநபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் 2023இல் வந்தது, மறைவுக்குப் பின். கைதட்டுவதாக இருந்தால் எந்த நொடியில் தட்டியிருப்போம்? சாகாமல் போன குழந்தைக்குத் தான் சாகாமல் போனது தெரியாது. அதன் அம்மாவுக்கும் பேதி நின்றது என்றுதான் தெரியும். அப்படி லட்சக்கணக்கில் நடந்தது. ஒன்றுகூடக் காட்சியாக நிகழவில்லை.

விளையாட்டுக்காரர்களைக் கொண்டாடுகிறோம் என்பதையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் 1952இல் ஹெல்சிங்கியில் மல்யுத்த வீரர் கஷாபா ஜாதவ் வாங்கிய வெண்கலம். அவரை அனுப்ப, கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடகுவைத்தார். ஊர்க்காரர்கள் மாட்டுவண்டி ஊர்வலத்தோடு வரவேற்றார்கள். நாடு பார்க்கவில்லை, அதனால் மறந்தது. 1984இல் சாலை விபத்தில் இறந்தார், அர்ஜுனா விருது பல ஆண்டு கழித்துத்தான். பத்ம விருது அவர் உயிரோடு இருந்தவரை வரவே இல்லை. நம் புதுக்கோட்டை சாந்தி 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையைக் காட்டிப் பறித்தார்கள். பின்னாளில் அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பார்க்கப்படுகிற நாயகர்களின் நிலைமையும் லேசில்லை. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை ஒரு கும்பல் தாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் டி20 கோப்பையோடு வந்தவரை அதே நாடு தலையில் வைத்து ஆடியது. கூட்டம் கொடுப்பது கந்துவட்டிக் கடன் மாதிரி, எந்த ராத்திரியிலும் வாசலில் வந்து நின்று திருப்பிக் கேட்கும். ராவ் வீட்டில் யாரும் கல்லெறியமாட்டார்கள். அந்த நிம்மதியையும் கணக்கில் எழுதுங்கள்.

கூட்டம் கண்ணால் பார்த்ததைக் கொண்டாடட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. அரசாங்கமும் கூட்டம் மாதிரியே நடந்துகொள்வதில்தான் வழக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் இஸ்ரோவின் தமிழ் விஞ்ஞானிகள் ஒன்பது பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு குகேஷுக்கு 5 கோடி. குகேஷுக்குக் கொடுத்தது கூடுதல் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் ஆட்டத்துக்காகத் தந்தை தன் மருத்துவத் தொழிலையே ஒதுக்கிவைத்த குடும்பம் அது. ஆனால் ஜனங்களின் கண்ணுக்கு எட்டாததைப் பார்ப்பதற்காகத்தான் அரசுக்கு நிபுணர் குழுக்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஒன்பது பேரின் தொகையைக் கூட்டினாலும் ஒருவரின் பாதியை எட்டவில்லை என்றால், அங்கே எடை பார்த்தது நிபுணர்கள் இல்லை, ஆரவாரம்.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எதிர் ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள். பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கிற படத்தைப் பார்த்து யாருக்கும் எதுவும் விளங்காது. ஆண்டு விழா மேடையில் சால்வை போர்த்தி உட்காரவைப்பதும் வேண்டாம். ஒரு மத்தியானம் உங்கள் பழைய வகுப்பறைக்கு அழைத்துவந்து, பிள்ளைகள் எதிரே அவளிடம் பேச்சுக்கொடுங்கள். எந்தச் சோதனை கெட்டுப்போனது, எத்தனை மாத உழைப்பு வீணானது, வழிகாட்டியோடு சண்டை வந்ததா, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எப்போது நினைத்தாள், சரியாக வருகிறது என்று எந்த நாளில் தெரிந்தது என்றெல்லாம் கேளுங்கள். கபடிப் பையனையும் முன் பெஞ்சில் உட்காரவையுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் உங்களையும் என்னையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய ஆய்வுத் தலைப்பை மறக்காமல் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். எனக்குப் புரியாவிட்டால் அவளிடமே கேட்டு எழுதச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்வேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்