தூங்காத பிள்ளையும் மெலடோனின் மருந்தும்



உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து எங்களிடம் வரும் தாய்மார் பலர் சொல்லும் குறை இது: "ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் புள்ள தூங்க மாட்டேங்குது, டாக்டரம்மா. விடிஞ்சா நான் நடவுக்குப் போகணும்." சிலர் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு, தூக்கம் வரட்டும் என்று சளி மருந்தைப் புகட்டிவிட்டு வருகிறார்கள். இது ஆபத்தானது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அதன் உறையிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார்.

இப்போது மெலடோனின் மாத்திரையைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழில் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

மெலடோனின் என்பது என்ன?

மூளையின் நடுவே உள்ள பீனியல் என்னும் சிறு சுரப்பி, இருட்டியதும் மெலடோனினைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிப்பதே அதன் வேலை. 1958ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஆரன் லெர்னர் இதைக் கண்டறிந்தார். கண்ணில் வெளிச்சம் பட்டால் இந்தச் சுரப்பு குறையும். ஒரே அறை உள்ள வீட்டில் டியூப்லைட்டும் டி.வி.யும் இரவு பத்து மணிவரை எரிந்தால், பிள்ளையின் உடம்பு அதைப் பகல் என்றே எண்ணும்.

முதலில் செய்ய வேண்டியவை

1. காரணத்தைத் தேடுகிறோம். இரும்புச்சத்துக் குறைவு, கீரிப்பூச்சியால் வரும் அரிப்பு, டான்சில் வீக்கத்தால் வரும் குறட்டை, வலிப்பு ஆகியவை தூக்கத்தைக் கெடுக்கும். இவற்றுக்குரிய சிகிச்சை வேறு.

2. படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கிறோம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, படுக்கை. ஒரு மணி நேரம் முன்பே டி.வி., கைப்பேசி நிறுத்தம். காலையில் வெயிலில் விளையாட்டு. 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை.

பல பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

மருந்து யாருக்கு?

ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள சில பிள்ளைகளுக்கு இத்தனை செய்தும் தூக்கம் வராது. அவர்களுக்கு மெலடோனின் நல்ல உதவி. மருத்துவர் 1 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி, படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்கச் சொல்வார். சில வாரங்களில் மறுபடி பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார். படுக்கை நேர ஒழுங்கை மட்டும் விட்டுவிடக் கூடாது.

மிட்டாய் வடிவில் விற்பதை நம்பி வாங்க வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 25 தயாரிப்புகளைச் சோதித்தபோது 22இல் லேபிளில் அச்சிட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. எந்த மாத்திரையானாலும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அன்பானவர்களே, இப்படிப்பட்ட பிள்ளையின் தாய் உங்கள் சபையிலும் இருக்கலாம். "வளர்க்கத் தெரியவில்லை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் சோர்ந்திருப்பாள். அவளைக் குறை சொல்லாமல், ஒரு மத்தியான வேளை பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவளைச் சற்றுத் தூங்கவிடுங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் நீங்கள் செய்யும் ஊழியமே.