தரங்கம்பாடி அச்செழுத்தும் பள்ளிக் கணிப்பொறியும்

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் டேனியக் கோட்டையையும் கடலையும் கண்டு திரும்புகின்றனர். அவ்வூரின் அச்செழுத்து வரலாறு இன்றைய பள்ளிக் கணிப்பொறிக்கும் பொருந்துவதாகும்.

1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கின் முயற்சிக்காக, செருமனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியன, தாளை விழுங்கின. தாளோ கப்பலில் வரவேண்டிய அரும்பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை அதற்கென உருக்கினர் என்றும் கூறுவர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் அச்சேறியது. வந்த எழுத்து பொருந்தவில்லையெனில் உருக்கி வேறு வார்க்க ஈயம் இடந்தந்தது.

நம் முன்னோர் செய்ததும் இத்தகையதே. அரபுத் தமிழில் எழுதப் புகுந்தபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருந்த எழுத்துகளிலேயே புள்ளியிட்டுப் புதியன படைத்தனர்.

மென்பொருளில் இவ்வுரிமை உண்டா எனின், அதன் உரிமத்தைப் பொறுத்தது என்பதே விடை. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் வழிவந்த கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், மூல நிரலைத் திறந்து கற்கலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்தியும் வெளியிடலாம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறித்துக் குழப்பும். தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. பள்ளி நிர்வாகிகள் முதலாவதையே நோக்குகின்றனர். ஆசிரியர்க்கு இரண்டாவதே பெரிது.

கேரளத்தில் 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் பின்னர் லினக்ஸ் வழியே நடந்து, 2017இல் 'கைட்' நிறுவனமாயிற்று. அங்கு ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தனர். பாடநூலையும் செய்முறைத் தேர்வையும் அம்மென்பொருளைச் சார்ந்தே அமைத்தனர். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன், சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஆனால் யான் கேட்டறிந்த மாணவருள் அதனைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. கற்பிப்பார் இல்லாத கருவியை மாணவர் ஏன் தொடுவர்? குறை அவர்களுடையதன்று.

என் அனுபவம் ஒன்றையும் கூறவேண்டும். 2005இல் எம்.ஃபில். ஆய்வேட்டை, விலைக்கு வாங்கிய ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்டேன். அந்நாளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருவோ புதிய கணிப்பொறியில் இயங்கவில்லை. விற்ற நிறுவனமும் இல்லை. சீறாப்புராணம் பற்றிய என் ஆய்வு திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாய் நின்றது. நானே எழுதியதை நானே படிக்க இயலாத நிலை!

சென்ற ஆண்டு இளங்கலை மாணவி ஒருவர், தன்னார்வலர்கள் எழுதி வெளியிட்ட கட்டற்ற குறியீட்டு மாற்றி ஒன்றைக் கொணர்ந்தார். என் எழுத்துரு அதன் பட்டியலில் இல்லை. அவர் நிரலைத் திறந்து, பட்டியலின் அமைப்பை உணர்ந்து, என் அச்சுப் படியுடன் ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்தார். கணினித் துறை மாணவியல்லர், தமிழிலக்கியம் பயில்பவர். மூன்று வாரங்களில் ஆய்வேடு மீண்டது. கொம்பும் காலும் சில இடங்களில் இன்னும் இடம் மாறி நிற்கின்றன. அவற்றைத் திருத்தியபின் அப்பட்டியலைப் பிறரும் பயன்படுத்துமாறு வெளியிடவிருக்கிறார்.