பேச்சை மறைக்க ஓர் இரைச்சல்

வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அடுக்குமாடிக் குடியிருப்பில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால், எல்லாச் சத்தமும் வேலையைக் கெடுப்பதில்லை. குக்கர் விசிலும் பஸ் ஹாரனும் வந்த வேகத்தில் போய்விடும். பக்கத்து வீட்டு டிவி சீரியல் அப்படியல்ல. ஒற்று மிகுமா, மிகாதா என்று யோசிக்கும் நேரத்தில், "அவ உன்கிட்ட என்ன சொன்னா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டால், மனம் அந்தப் பதிலுக்குக் காத்து நிற்கும். கண் மட்டும் வரியில் ஓடும்.

மெய்ப்புத் திருத்தும் வேலையை வைத்தே 1990-ல் உளவியலாளர் டிலன் ஜோன்ஸ் குழுவினர் ஆய்வு செய்திருக்கிறார்கள். கவனத்தைக் குலைப்பது பேச்சின் உரப்பு அல்ல, அதன் பொருள் என்பது அதில் தெரிந்தது. எனவே நமக்குத் தேவை முழு அமைதி அல்ல. பேச்சு புரியாமல் போனால் போதும். சீரான பின்னணி இரைச்சல் அதைத்தான் செய்கிறது.

எனக்குப் பலன் தந்தவை இவை:

சொற்கள் இல்லாத ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மழை, ஃபேன், அருவி எதுவானாலும் சரி. தமிழ் வாசிக்கும்போது தமிழ்ப் பாட்டு வேண்டாம்.

'ஒயிட் நாய்ஸ்' எனும் சீரான இரைச்சல் காதில் சீறுவதுபோல் இருந்தால் 'பிரவுன் நாய்ஸ்' கேளுங்கள். அதில் கீழ்ச்சுருதி மிகுதி; நெடுநேரம் கேட்டாலும் உறுத்தாது.

ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைக்காமல், பேச்சு வரும் சுவர் அல்லது ஜன்னல் ஓரம் வையுங்கள். குறைந்த ஒலியிலேயே வேலை முடியும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியலாம். என்ன பேசுகிறார்கள் என்று புரியக்கூடாது. அதுவே சரியான அளவு.

ஹெட்போன் போட்டால் காதைக் காத்துக்கொள்ளுங்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒலிக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் எல்லாம் வீண்.

பின்னணி இரைச்சல் எல்லாருக்கும் பொருந்தாது. கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஒயிட் நாய்ஸ் நினைவாற்றலில் உதவியதாகவும், மற்றக் குழந்தைகளுக்கு அதுவே இடைஞ்சல் ஆனதாகவும் 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பிள்ளை படிக்கும் அறையில் நீங்களாக ஒலியை ஓடவிடாதீர்கள். ஒலியோடு ஒரு பாடம், ஒலியில்லாமல் ஒரு பாடம் படிக்கச் சொல்லி, மறுநாள் எது நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்.