புகையிலை நிரப்பிய கருவூலம்

நுழையும்முன்

அரசின் கருவூலம் நிரம்பினால் குடிமக்களும் வளம் பெற்றுவிட்டனர் என்று கொள்ளலாமா? பிலிப்பைன்ஸ் தீவுகளை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் ஒருவரின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மணிலா நகரம் கப்பல் வணிகத்தையே நம்பி வாழ்ந்தது. சீனத்துப் பட்டும் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் அங்கு வந்து குவியும். அவற்றை ஏற்றிக்கொண்டு பெருங்கப்பல் பசிபிக் கடலைக் கடந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்தை அடையும். திரும்பும்போது வெள்ளியைக் கொண்டுவரும். இவ்வணிகத்தால் மணிலா வணிகர் செழித்தனர். தீவுகளின் வளமான மண்ணையோ எவரும் பொருட்படுத்தவில்லை. ஆட்சிச் செலவுக்கும் ஆண்டுதோறும் மெக்சிகோவிலிருந்து பணம் வரவேண்டியிருந்தது.

1762ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை மணிலாவைக் கைப்பற்றியது. 1764இல் நகரம் மீண்டும் ஸ்பெயின் வசமானது. (அப்படையில் சென்ற இந்தியச் சிப்பாய்களுள் சிலர் ஊர் திரும்பாமல், மணிலாவை அடுத்த கைந்தா என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர்.) கடல்வழி வருவாயை மட்டும் நம்பிய ஆட்சி எத்துணை வலுவற்றது என்பதை இத்தோல்வி காட்டியது.

இந்நிலையில், கடற்படை அதிகாரியான ஹோசே பாஸ்கோ இ வார்காஸ் 1778இல் ஆளுநராகப் பொறுப்பேற்றார். தீவுகள் தம் மண்ணின் விளைச்சலால் வாழவேண்டும் என்பது அவர் கொள்கை. பருத்தி, அவுரி, மிளகு முதலிய பயிர்களை வளர்க்க ஊக்கமளித்தார். 1781இல் பொருளாதாரச் சங்கம் ஒன்றை நிறுவி, வேளாண்மையிலும் தொழிலிலும் சிறந்தோருக்குப் பரிசு வழங்கச் செய்தார். பட்டுப்புழு வளர்ப்புக்காக முசுக்கட்டைச் செடிகள் பெருமளவில் நடப்பட்டன. ஆயினும் பட்டுத்தொழில் அங்கு வேரூன்றவில்லை. பழைய வணிகத்தில் பழகிய மணிலா வணிகர் பலர் ஆளுநரின் திட்டங்களை விரும்பவுமில்லை.

அரசுக்குப் பெரும்பயன் தந்தது புகையிலைதான். 1782 முதல் அதன் விற்பனை அரசின் தனியுரிமையாயிற்று. குறித்த மாவட்டங்களில் மட்டுமே அதனைப் பயிரிடலாம். விளைந்தது முழுவதையும் அரசு வைத்த விலைக்கு அரசிடமே விற்கவேண்டும். வருவாய் பெருகியது. மெக்சிகோவின் பணத்தை எதிர்பார்த்திருந்த கருவூலம் மெல்ல மெல்லத் தன் காலில் நின்றது.

உழவரின் நிலை வேறாக இருந்தது. தம் நிலத்தில் விளைந்த புகையிலையில் ஒரு சுருட்டுக்கு வேண்டிய இலையைக்கூட அவர்கள் எடுத்துவைத்துக்கொள்ள இயலாது. ஒளித்துவைத்த இலைகளைத் தேடி அதிகாரிகள் வீடுகளில் சோதனையிட்டனர். ககாயான் பள்ளத்தாக்கில் நெல் விளையவேண்டிய வயல்களிலும் புகையிலையே விளைந்தது. பிற்காலத்தில் விலைப்பணத்துக்கு மாற்றாக உறுதிச்சீட்டுகள் அளிக்கப்பட்டன. அவை பணமாக மாறுவதற்கு உழவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

பாஸ்கோ 1787இல் பதவியை விட்டு நீங்கினார். அவர் தொடங்கிய புகையிலைத் தனியுரிமை, நூறாண்டு கழிந்து, 1882ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீக்கப்பட்டது.

சொற்பொருள்

கருவூலம் – அரசின் பணம் வைக்கும் இடம்
அவுரி – நீலச்சாயம் தரும் செடி
தனியுரிமை – ஒருவருக்கு மட்டுமே உரிய உரிமை
உறுதிச்சீட்டு – பின்னர்ப் பணம் தருவதாக எழுதித் தரும் சீட்டு

சிந்தித்து எழுதுக

1. மணிலா வணிகர் பாஸ்கோவின் திட்டங்களை விரும்பாமைக்குக் காரணம் யாதாக இருக்கலாம்?
2. ககாயான் உழவர் ஒருவர் ஆளுநரிடம் முறையிடுவதாகக் கொண்டு, ஐந்து தொடர்களில் விண்ணப்பம் எழுதுக.