பெருமீன்களுக்கான தூண்டில் நுனியிழை

சிறுபோகப் பயிருக்கு நீர் திறந்துவிடப்பட்ட பின்னர், ஆடி, ஆவணி மாதங்களில் வன்னியிலும் கிழக்கிலும் உள்ள குளங்களின் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். அகன்ற நீர்ப்பரப்பிற் சிதறித் திரிந்த மீன்கள் அப்போது குளத்தின் ஆழமான பகுதிகளிலும் துருசுக்கு அண்மையிலுள்ள பள்ளங்களிலும் ஒதுங்கும். கமக்காரர் பலர் மாலை வேளைகளில் தூண்டிலுடன் குளக்கட்டுக்குச் செல்வது இக்காலத்தில் வழக்கம். பின்னர் மாரி மழையில் வான் பாயும்போது, எதிர்நீச்சலிட்டு ஏறவரும் மீன்களைத் தேடி வானுக்குக் கீழேயும் தூண்டில் போடுவர்.

நல்ல விரால் ஒன்று ஒரு குடும்பத்தின் இரண்டு நேரக் கறிக்குப் போதுமானது. ஆயினும், முள்ளில் அகப்படும் பெருமீன்கள் பல கரை வந்து சேர்வதில்லை, கயிறு அறுந்துவிடுகின்றது. அறுந்த கயிற்றை இழுத்துப் பார்த்தால், அது நடுவில் அறுந்திருப்பது அரிது. முள்ளுக்கு அடுத்துள்ள ஒரு முழத்தினுள்ளேயே பெரும்பாலும் அறுந்திருக்கும். இதனால் வரும் நட்டம் ஒரு நாட் கறி மட்டுமன்று. தொண்டையில் முள்ளும் வாயிற் கயிறுமாகத் தப்பும் மீன் தாமரைத் தண்டிலோ பட்டமரத்திலோ சிக்குண்டு இறந்துபோதல் கூடும். அம்மீன் பிடித்தவருக்கும் உதவாது, குளத்திற் பெருகவும் உதவாது.

தூண்டிற் கயிற்றின் நுனிக்கும் முள்ளுக்கும் இடையே, வேறொரு பொருளாலோ வேறொரு தடிப்பிலோ தெரிந்தெடுத்துத் தொடுக்கப்படும் குறுகிய துண்டு இங்கு நுனியிழை எனப்படும். மீனின் பல்லும், செவிள்மூடியின் விளிம்பும், நீரிலுள்ள கட்டையும் கல்லும் உராய்வது இத்துண்டிலேயாகும். ஆகையால் கயிறு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், நுனியிழை பிழையாயின் அதனாற் பயனில்லை.

மீனின் வாயைப் பார்த்துத் தெரிவுசெய்தல்

கடைக்குச் சென்று “பெரிய மீனுக்கு ஒன்று தாருங்கள்” எனக் கேட்பவருக்குப் பெரும்பாலும் உருக்குக் கம்பியே கொடுக்கப்படும். கம்பி கட்டும் வழக்கம் கடற்றொழிலிலிருந்து வந்ததாகும். அறுக்குளாவும் சீலாவும் கத்தி போன்ற பல்லுடையவை. தடித்த நைலோன் இழையையும் ஒரே கடியில் துண்டித்துவிடும். குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் பைக் என்னும் மீனுக்கும் இவ்வாறே கம்பி வேண்டியதாகின்றது. நம் குளத்து மீன்களின் வாய் இவற்றின் வாயைப் போன்றதன்று. கடலுக்கு வேண்டியது குளத்துக்கும் வேண்டுமென்று கொள்வது வீண்செலவு.

விராலின் வாயைத் திறந்து நோக்கினால், கீழ்த்தாடையிற் கூம்பு வடிவான கூரிய பற்கள் சில தெரியும். அவை இரையைக் குத்திப் பிடித்து நழுவவிடாது வைத்திருப்பதற்கானவை, அறுப்பதற்கானவையல்ல. விரால் கயிற்றை அறுத்துக்கொண்டு போவது பல்லின் வலிமையினாலன்று, ஓடும் இடத்தினாலாகும். முள் தைத்தவுடன் அது தாமரைக் கூட்டத்துக்குள்ளோ, சல்வீனியாவின் கீழோ, நீரில் நிற்கும் பட்டமரத்தின் அடியிலோ பாயும். அங்கே இழை தண்டிலும் கட்டையிலும் உராயும். எனவே விராலுக்கு வேண்டியது உராய்வைத் தாங்கும் தங்கூசி இழையே. 0.50 மில்லிமீற்றர் முதல் 0.60 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள நைலோன் தங்கூசியில் 40 சென்ரிமீற்றர் நீளத் துண்டு போதுமானது. கம்பி இங்கே தீமையும் செய்யும். நீர்மேல் மிதந்துவரவேண்டிய இரையை அது கீழே இழுத்துவிடும். பூண்டுகளிற் சிக்கி முறுகும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று நீர்மட்டத்திற் கலங்கித் திரிவதைக் காணுமிடத்து, அதன் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும் என்பது குளத்தங்கரையில் வாழ்பவர் அறிந்ததே. அண்மையில் வரும் எதனையும் அவை பாய்ந்து கடிப்பதால் அவற்றைப் பிடிப்பது மிக எளிது. ஆனாற் காவல் நீங்கிய குஞ்சுகளை ஏனைய மீன்கள் சில நாட்களில் உண்டுவிடும். ஒரு மீனுக்காக அடுத்த ஆண்டுகளின் மீன்களை இழப்பது கணக்கறிந்த செயலன்று. அவ்விடத்தைத் தவிர்த்து வேறிடத்தில் தூண்டில் போடுதல் வேண்டும்.

வாளையின் வாய் வேறு வகையானது. செதிலற்ற இம்மீன் ஒரு மீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. வாய்ப்பிளவு கண்ணையுங் கடந்து பின்செல்லும். தாடைகளில் எண்ணற்ற சிறு பற்கள் பட்டையாக அமைந்திருக்கும். விரலால் தடவினால் அரத்தைத் தடவுவது போலிருக்கும். ஒரு கடியில் இழையை அறுக்கும் ஆற்றல் இப்பற்களுக்கு இல்லை. ஆனால் மீனைக் களைக்கவைத்து இழுக்கும் நேரம் முழுவதும், அரம் தேய்ப்பது போல் அவை இழையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். கரைக்கு ஒரு பாகத் தூரத்தில் மீன் வந்த பின்னர் இழை அறுந்துபோவதற்கு இதுவே காரணம். இரையை ஆழமாக விழுங்கும் இயல்பினால், தேய்வு முள்ளுக்குச் சற்று மேலேயும் நிகழும்.

ஆகவே வாளைக்கு 0.80 அல்லது 0.90 மில்லிமீற்றர் தங்கூசி 60 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கட்டுதல் வேண்டும். பல நுண்கம்பிகளை முறுக்கிச் செய்த மெல்லிய உருக்குக் கம்பியையும் உபயோகிக்கலாம். இரவு முழுவதும் தூண்டிலைக் கட்டிவைத்து விடியற்காலையிற் பார்க்கும் வழக்கமுடையோருக்கு முறுக்குக் கம்பியே ஏற்றது. பல மணி நேரத் தேய்வைத் தங்கூசி தாங்குமென்று நம்பலாகாது.

களப்போடு சேரும் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் வயல் வைத்திருப்போர் சிலவேளை கொடுவாவையும் பிடிப்பர். கொடுவாவின் பற்கள் மிகச் சிறியவை. அஞ்சவேண்டியது அதன் செவிள்மூடிக்கே. அதன் விளிம்பு கையையும் வெட்டக்கூடியது. மீன் தலையை உதறித் திரும்பும்போது இழை செவிளின் குறுக்கே விழுந்து அறுபடும். எனவே இம்மீனுக்குத் தடிப்பைப் போலவே நீளமும் முக்கியம்: 0.70 மில்லிமீற்றர் தங்கூசி, ஒரு மீற்றர் வரை. குறவை, கெளிறு, பனையேறி முதலிய சிறுமீன்களுக்குத் தனியான நுனியிழை வேண்டியதில்லை.

பொருளும் வலிமையும்

இன்று கடைகளில் நைலோன் தங்கூசி, புளோரோகாபன் இழை, பின்னல் இழை, உருக்குக் கம்பி என நான்கு வகை கிடைக்கின்றன. புளோரோகாபன் நீரிற் கண்ணுக்கு எளிதில் தெரியாதது, நீரை உறிஞ்சாதது, நைலோனிலும் பாரமானதாகையால் விரைவில் தாழ்வது. தெளிந்த நீரில் இவை நன்மைகளே. கலங்கிய குளத்து நீரில், அதுவும் இருள்சூழும் நேரத்தில், இழை மீனுக்குத் தெரிகின்றதா என்பது பெரிய காரியமன்று. நைலோனிலும் மிகுந்த விலை கொடுத்து இதனை வாங்கும் தேவை கமக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை.

பின்னல் இழையைப் பற்றி மயக்கம் உண்டு. அது மிக மெல்லியது. ஆயினும் அதே தடிப்புள்ள நைலோனிலும் பன்மடங்கு பாரத்தைத் தாங்கும். இதனைக் கண்டு அதையே முள்ளிலும் கட்டுவோர் உளர். அது மெல்லிய நார்கள் பலவற்றைப் பின்னிச் செய்யப்படுவதாகையால், இறுகி நிற்கும் நேரத்திற் பல்லோ கல்லோ பட்டால் நார் நாராக அறுந்துவிடும். தாங்கும் பாரம் வேறு, தேய்வைத் தாங்கும் குணம் வேறு. பின்னல் இழை கயிறாக இருக்கத்தக்கது, நுனியிழையாக இருக்கத்தக்கதன்று.

நுனியிழையின் வலிமை கயிற்றின் வலிமையிலும் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். காரணம் இதுவே. கட்டையிற் சிக்கியோ, மீன் மிகப் பெரிதாக இருந்தோ எங்கேனும் ஓரிடம் அறுந்தேயாக வேண்டுமாயின், அது முள்ளின் அருகே அறுவதே நல்லது. அப்போது மீன் முள்ளோடும் விரற்கடை இழையோடும் போகும். நுனியிழை கயிற்றிலும் வலியதாயின், கயிறு நடுவில் அறுந்து, மீன் பல யார் நீளமான கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். அத்தகைய மீன் பிழைத்தல் அரிது. 0.50 மில்லிமீற்றர் நைலோன் ஏறக்குறைய 15 கிலோகிராமும், 0.60 மில்லிமீற்றர் ஏறக்குறைய 20 கிலோகிராமும், 0.80 மில்லிமீற்றர் 30 கிலோகிராமுக்குச் சற்று மேலும் தாங்கும். செய்வோரைப் பொறுத்து இது மாறும். சுருளின் மேல் இறாத்தலிற் குறிக்கப்பட்டிருப்பின், ஓர் இறாத்தல் 0.45 கிலோகிராம் எனக் கொள்ளலாம். கயிறு இவற்றிலும் சில கிலோகிராம் கூடுதலாகத் தாங்குவதாயிருத்தல் வேண்டும். வாளைக்கென மிகத் தடித்த தங்கூசி கட்டுவோர் தம் கயிறு அதற்கு ஈடானதா என முதலிற் பார்த்தல் நன்று. ஈடாகாதாயின், கயிற்றிலும் வலிமை குறைந்த முறுக்குக் கம்பியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தேய்வுக்கு அஞ்சாத பொருளாகையாற் கம்பி மெல்லியதாக இருப்பதில் தவறில்லை.

முடிச்சு

நல்ல இழையும் தவறான முடிச்சினாற் பாதி வலிமையை இழக்கும். தங்கூசியை முள்ளின் காதினூடாகச் செலுத்தி, அதன் நுனியை இழையின் மேலேயே ஐந்து முறை சுற்றி, காதின் அருகேயுள்ள முதற் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தல் வேண்டும். 0.70 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பாயின் மூன்று அல்லது நான்கு சுற்றுக்களே போதும். அதற்கு மேற் சுற்றினால் முடிச்சு இறுகாது. இறுக்குமுன் முடிச்சை நீரால் நனைத்தல் இன்றியமையாதது. உலர்ந்த நைலோனை விரைந்து இறுக்கினால் உராய்வினாற் சூடேறி, முடிச்சுள்ள இடம் வலுவிழக்கும். மெதுவாக இறுக்கி, நுனியில் நெல்மணிக்குப் பாதியளவு விட்டு வெட்டுக.

கயிற்றையும் நுனியிழையையும் தொடுப்பதற்கு, இரண்டிலும் கண்ணி வைத்து ஒன்றினூடு மற்றொன்றைக் கோத்தல் எளிய முறை. விராலுக்கு இதுவே சிறந்தது. வாளை உருண்டு புரளும் மீனாகையால், இடையிற் சுழலும் வளையமொன்றைப் பொருத்தாவிடிற் கயிறு முறுக்கேறும்.

ஒற்றைக் கம்பிக்கு முடிச்சுப் போடலாகாது. அதனை முள்ளின் காதில் மாட்டி, இரண்டு பக்கங்களையும் ஒருசேர நான்கைந்து முறை முறுக்கி, பின்னர் நுனியை நெருக்கமாகச் சில சுற்றுக்கள் சுற்றி முடித்தல் வேண்டும். முறுக்குக் கம்பியாயின், சிறிய உலோகக் குழாயினுள் மடித்து நுழைத்துக் குறட்டால் நசுக்கவேண்டும். ஒருமுறை மடிந்து கோணிய கம்பியை நிமிர்த்தி மீண்டும் உபயோகித்தல் தவறு. கோணிய இடத்தில் அது சிறு பாரத்துக்கே முறியும்.

சோதித்தல்

இழையைச் சோதிப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. கைப்பிடியுள்ள ஒரு வாளி போதும். ஓர் இலீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். முள்ளையும் முடிச்சையும் சேர்த்துக் கட்டிய நுனியிழையை வலிய மரக்கிளையொன்றிற் கட்டி, முள்ளில் வாளியை மாட்டி, அளந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. வாளியின் நிறையையும் கூட்டிக்கொள்க. இருபது கிலோகிராம் தாங்கவேண்டிய இழை பத்திலேயே முடிச்சில் அறுமாயின், பிழை இழையிலன்று, முடிச்சிலேயாகும். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாதிருக்கட்டும்; முகத்தை விலக்கி நிற்றல் வேண்டும், அறும் இழையோடு முள் துள்ளும்.

ஒவ்வொரு மீனைப் பிடித்த பின்னரும் நுனியிழையை ஈரக் கையில் நகத்துக்கும் விரலுக்கும் இடையே இழுத்துப் பார்த்தல் வேண்டும். சொரசொரப்போ, வெண்மையான தழும்போ தென்பட்டால், அவ்விடத்தை வெட்டி நீக்கி மீண்டும் முடிச்சிடுக. வாளை ஒன்றைப் பிடித்த தங்கூசியைப் பாராமலே மாற்றிவிடலாம். நைலோன் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். முற்றத்து வேலியில் மாதக்கணக்காகத் தொங்கவிட்ட சுருளைப் புதிய இழையெனக் கொள்ளலாகாது. கிருமிநாசினி வைக்கும் அறையில் இழையையும் இரையையும் வைத்தல் வேண்டா.

கையாளும் முறை

வலிய நுனியிழை கட்டியபின் கை காக்கப்படல் வேண்டும். முன்னர் அறுந்து போன கயிறு இப்போது அறாது. ஆகையாற் கையிற் சுற்றிய கயிறு தசையை வெட்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றலாகாது. கைப்பிடித் தடியொன்றிற் சுற்றி, இழுக்கும் வேளையில் ஈரச் சாக்குத்துண்டாற் பற்றுக. முதலை வாழும் குளங்களில், அந்திநேரத்தில் நீரில் இறங்கி நின்று தூண்டில் போடுதலும், துடிக்கும் மீனை நீரினுள் நின்று பற்றுதலும் உயிருக்கு ஆபத்தானவை. நுனியிழை நம்பத்தக்கதாயின், மீனைக் கரைவரை இழுத்தெடுத்த பின்னரே கைவைக்கலாம். நீரில் இறங்கும் தேவை இராது.

சிறு மீனொன்று முள்ளை ஆழமாக விழுங்கியிருப்பின், முள்ளைப் பிடுங்க முயலாது, இழையை வாயின் அருகே வெட்டி மீனை நீரில் விடுக. சாதாரண இரும்பு முள் துருவேறி நாளடைவில் அழியும்; துருவேறா உருக்கு முள் அவ்வாறு அழியாது. ஆகையாற் குளத்துக்குச் சாதாரண முள்ளே பொருத்தமானது.

வெட்டி நீக்கிய துண்டுகளைக் குளக்கட்டில் எறியாது, போத்தலொன்றிற் போட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். தங்கூசி மண்ணில் நெடுங்காலம் உக்காது கிடக்கும். கட்டில் மேயும் மாட்டின் குளம்பிலும், நீர்க்காகத்தின் காலிலும் அது சுற்றிக்கொள்ளும். மழைநீரோடு வயலுக்குள் வந்தால் இருசில்லு உழவு இயந்திரத்தின் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். போத்தல் நிறைந்ததும் துண்டுகளை விரற்கடை அளவுக்கு நறுக்கிக் குப்பையோடு சேர்க்கலாம், எரித்தலாகாது.