பொன்னியின் செல்வனுக்கு அடுத்து



1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் கல்கி தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இன்றும் பலருக்கு முதல் பெரிய தமிழ் நாவல். ஐந்து பாகங்களையும் ஒரே விடுமுறையில் முடித்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த வேகத்துக்குப் பாதிக் காரணம் தொடர்கதை என்னும் வடிவம். ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியை மாட்டிவிட்டுத்தான் முடியும். வரலாற்றுத் தகவல் வேண்டிய இடத்தில் ஆசிரியரே கதையை நிறுத்தி விளக்கிச் சொல்லிவிடுவார். அந்தச் சுகத்துக்குப் பழகியவர் அடுத்து ‘சிவகாமியின் சபதம்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’ என்று அதே வட்டத்தில் சுற்றுவது இயல்பு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தமிழில் அதைவிட ஆழமாக மனத்தில் தங்கும் நூல்கள் பல உள்ளன. அவை வாசகரிடம் உழைப்பைக் கேட்பவை என்பதாலேயே பலர் முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

மூடி வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நூல் எந்த வகையில் கடினம் என்று வாசகருக்குத் தெரிவதில்லை. பேச்சு வழக்கு புரியாத கடினம் வேறு. கதை வரிசையாக நகராத கடினம் வேறு. எல்லாச் சொல்லும் புரிந்தும் மனம் ஏற்க மறுக்கும் கடினம் வேறு. எது தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைக் கடக்கும் வழியும் தெரிந்துவிடும்.

வரலாற்று நாவலிலிருந்து வருபவர் முதலில் எடுக்கத் தக்கது அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977). இதில் அகராதியைத் தேட வைக்கும் சொல் அநேகமாக ஒன்றும் இல்லை. செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரன் என்ற மாணவன், அவனுடைய கிரிக்கெட், கல்லூரி, நண்பர்கள் என்று மெல்ல நகர்கிறது கதை. வெளியே ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய மறுத்து நிற்கிறது. அதன் மன்னரான நிஜாமை ஆதரிக்கும் ஆயுதக் குழுவினரான ரஜாக்கர்கள் தெருவில் திரிகிறார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து ஐந்தே நாளில் நிஜாமைப் பணிய வைக்கிறது. கல்கியாக இருந்தால் இந்த இடங்களில் அரசியலை விரித்துச் சொல்லியிருப்பார். அசோகமித்திரன் சொல்வதில்லை. பையன் கண்ணில் பட்டது மட்டுமே பக்கத்தில் இருக்கும். அவனைச் சுற்றி நடந்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் வேலை வாசகருடையது. கதை சொல்லும் குரலும் சில இடங்களில் ‘நான்’ என்று பேசும், சில இடங்களில் ‘அவன்’ என்று விலகி நிற்கும். அந்த மாற்றங்களைக் கவனித்துப் படித்தவருக்குக் கடைசிப் பக்கங்கள் தரும் அதிர்ச்சி லேசில் மறக்காது. தொடங்குவதற்கு முன் 1947-48 ஹைதராபாத் வரலாற்றை அரை மணி நேரம் படித்துக்கொள்வது பெரிய உதவி.

இதற்கு அடுத்த படி ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்காரம் (1920-1997) சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் சுமத்ராவின் மெடானுக்குப் பிழைக்கப் போனவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரும்பி வந்து மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே. 1972இல் இந்நூல் வெளியானபோது கவனித்தவர்கள் மிகக் குறைவு. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தவிர்க்க முடிவதில்லை.

முதல் அத்தியாயத்திலேயே ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைகிறது. ஊர் எது, ஆள் யார் என்ற அறிமுகம் கிடையாது. தெருப் பெயர்கள் டச்சு. கடைத்தெருப் பேச்சில் மலாயும் சீனமும் கலந்திருக்கும். செட்டியார் வட்டிக்கடைகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற தனி உலகம் வேறு. நாயகன் பாண்டியன் மெடான் வீதியில் நடந்துகொண்டிருப்பான்; அடுத்த வரியிலேயே நினைவு மதுரைக்கோ சின்னமங்கலம் சந்தைக்கோ தாவிவிடும். நண்பர்கள் கூடிக் குடிக்கும்போது பழைய இலக்கியத் தொடர்கள் புரண்டு வரும். தமிழரின் பழம்பெருமை ஒரே மூச்சில் போற்றப்படவும் செய்யும், கேலிக்கும் உள்ளாகும். முதல் ஐம்பது பக்கங்களில் திணறாத வாசகர் அரிது.

இங்கே உதவுபவை இரண்டு. சிங்காரத்தின் முந்தைய நாவலான ‘கடலுக்கு அப்பால்’ அதே மலேயா-சுமத்ரா உலகில் நடக்கும் நேரான, சிறிய காதல் கதை. அதை முதலில் படித்தவருக்கு வட்டிக்கடைச் சொற்களும் இந்திய தேசிய ராணுவத்தின் சூழலும் பழகிவிடும். அடுத்தது ஒரு வரைபடம். மெடான், பினாங்கு, மலாக்கா நீரிணை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு படித்தால், தோணி புயலில் சிக்கும் பகுதி முழு வலிமையோடு வந்து தாக்கும். தமிழ் உரைநடையில் கடலைப் பற்றி அதற்கு இணையாக எழுதப்பட்ட பக்கங்கள் வெகு சில.

பொன்னியின் செல்வனை நேசித்தவருக்கு இந்நாவல் தரும் பலன் தனிச் சிறப்புடையது. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் சுமார் 1025இல் படையனுப்பி வென்ற கடாரம் பினாங்குக்குப் பக்கத்துக் கெடாதான். அதே கடல்வழியில் 20ஆம் நூற்றாண்டின் தமிழர்கள் கணக்கு எழுதவும் கடன் வசூலிக்கவும் போனார்கள். பிறகு யாரோ தொடங்கிய போரில் துப்பாக்கி ஏந்தினார்கள். வந்தியத்தேவனை எந்த ஆபத்திலிருந்தும் கல்கி காப்பாற்றிவிடுவார் என்ற நம்பிக்கை வாசகருக்கு எப்போதும் உண்டு. பாண்டியனுக்கு அந்தக் காப்பு இல்லை. சாகசத்தின் விலை என்ன என்பதைத் தமிழில் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன நாவல் வேறில்லை.

வட்டார வழக்கு நாவல்கள் நகரத்தில் வளர்ந்தவர்களை மிரட்டுகின்றன. அந்த மிரட்சி வாய்விட்டுப் படித்தால் பாதி போய்விடும். கண்ணுக்குப் புதிராகத் தெரியும் சொல், காதில் விழுந்ததும் தெளிந்துவிடும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தில் (1976) தொடங்கலாம். தெலுங்கு பேசும் ஒரு குடும்பக் கூட்டம் தெற்கே ஓடிவந்து கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கும் கதை அது. பாட்டி சொல்லக் கேட்பதைப் போலவே எழுதப்பட்டிருக்கிறது. கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்தவரும் அவரே என்பதால் ஐயம் வந்தால் பார்க்க இடமுண்டு. அங்கிருந்து கடலோரம் போகலாம். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பரதவர் வாழ்க்கையை அரை நூற்றாண்டு அளவுக்கு விரிக்கிறது. கட்டுமரத்தின் உறுப்புகள், மீன் இனங்கள், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர்கள் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடி நிற்காமல் நூறு பக்கம் ஓடவிட வேண்டும். அதற்குள் எந்தக் காற்றில் தொழிலுக்குப் போகலாம், எதில் போகக்கூடாது என்பது தானாகவே பிடிபட்டுவிடும். பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அதை இவ்விரண்டுக்கும் பிறகு, பாத்திரங்களின் உறவுமுறையை ஒரு தாளில் வரைந்துகொண்டு படிப்பது நல்லது.

வடிவத்தால் தடுமாற வைப்பவற்றில் முதலில் நிற்பது சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981). ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5 அன்று, ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள், மறைகிறார். அவரைப் பற்றிப் பாலு என்ற தமிழ் எழுத்தாளன் தகவல் திரட்டுகிறான். காம்யு நிஜம், ஜே.ஜே. கற்பனை. இதை அறியாமல் கேரள இலக்கிய வரலாற்றில் ஜே.ஜே.யைத் தேடியவர்களும் உண்டு. பின்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். கதையென்று கையில் பிடிக்க இழையில்லை, சிந்தனைதான் நிகழ்ச்சி. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்காமல் இருப்பதே இதைப் படிக்கும் முறை. வாசகரோடு சண்டை போடும் நூல் இது. ஒத்துப்போக முடியாத இடங்களில் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை வரும்போது அந்தக் குறிப்புகளோடு வாதிடலாம்.

இதே வகையில் சேரும் மௌனி எழுதிய 24 கதைகளும் ஒரு சிறு தொகுதியில் அடங்கிவிடும். அவற்றில் நான்கைந்து பிடிபடாவிட்டால் வலிந்து முயல வேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் அவை தாமே திறக்கும்.

சொல்லும் புரிந்து வடிவமும் புரிந்து, ஆனாலும் தொடர மனம் கூசும் நூல்கள் உண்டு. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974), கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறது. அவன் செய்யும் எதையும் ஆசிரியர் நியாயப்படுத்துவதுமில்லை, கண்டிப்பதுமில்லை. நல்லது கெட்டது சொல்லித்தரும் கதைகளிலேயே வளர்ந்தவருக்கு இந்த மௌனம்தான் பெரும் சோதனை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) அதைவிடக் கடினமானது என்பதே உண்மை. ஒடுக்கப்பட்டவர்களின் காலனிக்குத் துணி வெளுத்து, அங்கே கிடைக்கும் சோற்றிலும் தானியத்திலும் வாழும் வண்ணார் குடும்பத்தில் ஆரோக்கியம் என்ற பெண்ணின் வாழ்க்கை அது. சாதியின் படிகளில் மிதிபடுபவருக்குக் கீழும் ஒரு படி இருக்கிறது என்று காட்டுவதால் வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. இதை ஒரே மூச்சில் படிக்க முடியாமல் போனால் அது வாசகரின் குறையன்று. இடைவெளி விட்டுத் திரும்ப வந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் வாழ்பவர் தன் ஊரைப் புரிந்துகொள்ள இந்நூல் அவசியம்.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) இவை அனைத்துக்கும் பின்னால் வர வேண்டியது. மூன்று பகுதிகளில் இரண்டாவது, முதற்பகுதிக்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. அதில் வைதிக, பௌத்த, சமணத் தரப்புகளின் தத்துவ வாதம் நீண்டு செல்லும். அங்கே நின்றுவிடுபவர் பலர். இந்தியத் தத்துவ மரபுகளை அறிமுகம் செய்யும் ஏதாவது ஒரு சிறு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்தப் பகுதியே மிகச் சுவையானது என்று தெரியும்.

நாவல்களுக்கு நடுவே உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ கட்டாயம் வர வேண்டும். 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற தன்வரலாறு இது. படிக்க எளிது, கடினமான நூலை எப்படி அணுகுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்த சாமிநாதையர், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கச் செல்கிறார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியல் வருகிறது. முதலியார் அசையவில்லை; சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. பின்னர் அந்நூல் கைக்கு வந்ததும், எவ்வளவோ கற்ற ஐயருக்கே உரையின் துணையோடும் பல இடங்கள் விளங்கவில்லை. காரணம் சமண சமயச் செய்திகள். கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்று அறிந்து, அவர்கள் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெளிகிறார். 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று; 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒரு முன்சீப் ஓர் ஆசிரியரிடம் ‘அடுத்து இதைப் படியுங்கள்’ என்று சொன்னதில் தொடங்கிய வரிசை இது. சொன்னவரைவிடப் போற்றத் தக்கது கேட்டவரின் பணிவு: தெரியாததைத் தெரிந்தவர் வாசலுக்குப் போய்க் கேட்டார்.

‘என் சரித்திர’த்தின் கையைப் பிடித்துக்கொண்டே சிலப்பதிகாரத்துக்குள் நுழையலாம். வாசகர்கள் செய்யும் பிழை முதலிலிருந்து வரிசையாகத் தொடங்குவது. 30 காதைகளில் மூன்றாவதான அரங்கேற்று காதை யாழ், குழல், ஆடல், அரங்கின் அளவு என்று கலைச்சொற்களால் நிறைந்தது. அறிஞர்களே நிதானித்துப் படிக்கும் பகுதி. முதல் வாசிப்பில் அதைத் தாண்டிவிடலாம். கானல் வரியை முதலில் படித்து, பிறகு மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதை முதல் வழக்குரை காதை வரை போனவர், மற்றவற்றுக்குத் தாமாகவே திரும்பி வருவார். ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் உரை போதும்; அடியார்க்கு நல்லார் உரையை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கல்கி காட்டிய காவிரிக்கரைக்குப் பல நூற்றாண்டு முந்திய புகாரின் கடைவீதியும் கடற்கரையும் இங்கே கிடைக்கும்.

சோழர் மீது பிறந்த ஆர்வம் வரலாற்றுப் பக்கம் திரும்பினால், 1930களில் வெளிவந்த நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழாக்கமாகவும் கிடைக்கிறது. கல்வெட்டுச் சான்றுகளோடு நகரும் நூல் என்பதால் கதையின் வேகம் இருக்காது. பொன்னியின் செல்வனில் வரும் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உண்மையில் எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை அறியவாவது அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சென்னையில் கன்னிமரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். கடினமான ஒன்றோடு எளிதான ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டால் சோர்வு வராது. ஆண்டுக்கு இத்தகைய நூல்கள் நான்கு முடிந்தால் அது நல்ல வாசிப்பு. இத்தனையிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், அது ‘புயலிலே ஒரு தோணி’யாக இருக்கட்டும்.