பிள்ளை உயர்தரத்தில் இரசாயனவியல் எடுக்கலாமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர்கள் இருக்கும் வாடகை அறைகளில் ஒரே பேச்சுத்தான். “பயோ படிக்கட்டும், டொக்டராகலாம்” என்பார் மாமா. “மற்ஸ் எடுத்தால் எஞ்சினியர்” என்பார் பக்கத்து அறைக்காரர். பாடத்தெரிவுப் படிவத்தை நிரப்பவேண்டிய பிள்ளையை ஒருவரும் கேட்பதில்லை. வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்த பெற்றோரோ, “பள்ளிக்கூட விஷயம் எங்களுக்கு என்ன தெரியும்” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரசாயனவியலைப் பொறுத்தமட்டில் அவர்கள் ஒதுங்கவே தேவையில்லை.

முதலில் பாடங்களின் ஒழுங்கைப் பார்ப்போம். உயர்தரத்தில் பிரதான பாடங்கள் மூன்று. கணிதப் பிரிவில் பொறியியலை நாடுவோர் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்கிறார்கள். உயிரியல் பிரிவில் மருத்துவத்தை நாடுவோர் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்கிறார்கள். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுப்பவர்களும் உண்டு. அப்போதும் இரசாயனவியல் நிற்கும். மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம், விவசாயம், பொறியியல் ஆகிய எல்லா வாசல்களிலும் இந்தப் பாடம் கேட்கப்படுகிறது. ஆகவே “டொக்டரா, எஞ்சினியரா” என்ற சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, பிள்ளைக்கு இரசாயனவியல் ஒத்துவருமா என்பதை முதலில் பாருங்கள். உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதுவோரில் மருத்துவ பீடத்துக்குப் போவது சிறு பகுதியினர்தான். மற்றவர்களுடைய படிப்பு வீண் என்று நினைப்பது பெரும் பிழை.

இனி உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருளை எடுப்போம். யூரியாப் பையில் 46 என்ற இலக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிலோவில் 46 கிலோ நைதரசன் என்பது அதன் பொருள். 50 கிலோப் பை ஒன்றில் 23 கிலோ. இந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியாவின் ஒரு மூலக்கூறில் காபன் அணு ஒன்று, ஒட்சிசன் அணு ஒன்று, நைதரசன் அணு இரண்டு, ஐதரசன் அணு நான்கு. அவற்றின் சாரணுத் திணிவுகள் முறையே 12, 16, 14, 1. கூட்டுங்கள்: 12, 16, 28, 4, மொத்தம் 60. அறுபதில் 28 பங்கு நைதரசன். நூற்றுக்கு ஏறத்தாழ 46.7. கடையில் வரும் உரம் முழுத் தூய்மையானதல்ல, ஆகையால் பையில் 46 என்று போடுகிறார்கள். உயர்தர இரசாயனவியலின் கணக்குகளில் பெரும்பகுதி இந்த வழியில் தொடங்குவதுதான். பிள்ளை “மூல்” என்ற சொல்லைக் கண்டு பயந்தால், யூரியாப் பையை நினைவுபடுத்துங்கள்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டதற்கிடையில் நெற்செய்கைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணுக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அளந்து சொல்லத் தெரிந்தவர்கள் நமது பக்கத்திலும் இருக்க வேண்டும்.

இன்னொரு உதாரணமும் நம் ஊர்ப்பக்கத்ததுதான். ஆனையிறவு உப்பளத்துக்கு அருகே, பரந்தனில், 1950களில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தினால் குளோரீன், ஐதரசன், சோடியம் ஐதரொட்சைட்டு என்ற மூன்றும் கிடைக்கும். மூன்றாவதைத்தான் கடையில் காஸ்டிக் சோடா என்கிறோம்; சவர்க்காரம் செய்ய உதவுவது. குளோரீன் குடிதண்ணீரில் கிருமி கொல்வது. போரினால் தொழிற்சாலை நின்றுபோனது. அதன்பின் அந்த நிறுவனமே குளோரீனை வெளிநாட்டிலிருந்து வாங்கி விற்கலாயிற்று. உப்பு இங்கே, குளோரீன் கப்பலில்! இந்த மின்பகுப்பு உயர்தரப் பாடத்திட்டத்தில் அப்படியே இருக்கிறது.

தமிழில் இரசாயனம் படித்தால் எடுபடாது என்று கொழும்பில் சிலர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அந்த முயற்சியில் 1875இல் “கெமிஸ்தம்” என்ற நூலும் வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். “ஒட்சியேற்றம்” என்று எழுதும்போதே பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் குறித்துவைக்க ஒரு கொப்பி தொடங்கினால் பிறகு திண்டாட்டம் குறையும்.

பாடம் இலகு என்று நான் சொல்லவில்லை. பௌதிக, அசேதன, சேதன இரசாயனம் என்ற மூன்று பகுதிகளும் மூன்று விதமான உழைப்பைக் கேட்கும். முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். இரண்டாவதில் எழுத்து வினாக்கள், மூன்று மணித்தியாலம். இடம்பெயர்வில் பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்த பிள்ளைக்குச் சாதாரண தரக் கணிதத்தில் ஓட்டை இருக்கலாம். அதை அடைக்காமல் வெள்ளவத்தை ரியூசனுக்குக் காசு கட்டுவது, ஓட்டை வாளியால் கிணற்றில் அள்ளுகிற வேலை. தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ் வளநூல்களும் கடந்தகால வினாத்தாள்களும் இருக்கின்றன. காசு செலவழிக்குமுன் அவற்றைப் பாருங்கள். கணிதம் அறவே பிடிக்காத பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம். 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் இருக்கிறது. கமக்காரப் பிள்ளைக்கு அதுவும் தூரத்துப் பாடமல்ல.

படிவம் கொடுக்கும் கடைசி நாளைப் பாடசாலையில் கேட்டுவையுங்கள். அதற்குமுன் ஒரு மாலையில் மேலே சொன்ன யூரியாக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டி, அமோனியம் சல்பேற்றுக்குத் தனியே செய்யச் சொல்லுங்கள். அதன் மொத்தத் திணிவு 132, அதில் நைதரசன் 28. விடை 21க்குச் சற்று மேலே வரவேண்டும். பிழைத்தாலும் எங்கே பிழைத்தது என்று தேடிப் பார்க்கிற பிள்ளையென்றால் படிவத்தில் இரசாயனவியலை எழுதட்டும். தாளை மடித்துவைத்துவிட்டு எழும்பிப் போகிற பிள்ளையென்றால், ஏசாமல், அதற்கு எந்தப் பாடத்தில் மனம் நிற்கிறது என்று கேளுங்கள்.